மூன்றாம் படிக்குத் தண்ணீர்

ஞாயிற்றுக்கிழமை குவாரியில் மெஷின் ஓடாது. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் லைன் வீடுகளில் கத்தாமல் பேசலாம். அந்த ஒரு நாள்தான் தண்ணிக்காரர் இருமுவதும் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்கும். மற்ற நாள்களில் அவர் இருமுவதில்லை என்று இல்லை. கிரஷர் சத்தத்தில் அது அமுங்கிப்போகும், அவ்வளவுதான்.

அன்று வெயில் ஏறுவதற்கு முன்பே அவர் மனைவி வண்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்துவிட்டாள். தரையில் சாக்கை விரித்தாள். ஸ்பானர், பழைய பல் பிரஷ், கந்தல் துணி, ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெய், ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர் என்று எல்லாவற்றையும் சமையலுக்கு அரிந்து வைப்பதுபோல் கைக்கு எட்டும்படி வைத்துக்கொண்டாள்.

"என்னடி, ஆபரேஷனா?" என்று உள்ளே கட்டிலில் இருந்தபடி அவர் கேட்டார்.

"ஆமா. நீங்க வந்து கால புடிச்சுக்குங்க."

"அதுக்கு ஏது காலு? சக்கரம்தான்."

சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. அது முடியும்வரை அவள் ஸ்பானரை ஆணியில் வைத்தபடி காத்திருந்தாள். முடிந்ததும் திருகினாள்.

மேடு ஏறுவதற்கென்றே செய்த சின்ன டர்ட் பைக் அது. முண்டுமுண்டாய்ப் பல் வைத்த டயர். மட்கார்டு சேவல் வாலைப்போலத் தூக்கிக்கொண்டிருக்கும். பின்னால் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்து, இந்தப் பக்கம் ஒரு கேன், அந்தப் பக்கம் ஒரு கேன் தொங்கவிடலாம். குவாரியில் பாறையை மூன்று படியாக வெட்டி இறக்கியிருக்கிறார்கள். தண்ணீர் லாரி அடிவாரத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து மேலே மூன்றாம் படியில் துளை போடுகிறவர்கள் வரைக்கும் குடிதண்ணீர் ஏற்றுவது இந்த வண்டிதான். கோடையில் பாறை கொதிக்கும்போது மேலே இருக்கிறவன் கண் முழுக்க இந்த வண்டி வருகிற வளைவிலேயே இருக்கும்.

இருபத்தாறு வருஷம் மூன்றாம் படியில் துளை போட்டவர் தண்ணிக்காரர். மார்பில் தூசி படிந்து இனி மெஷின் பிடிக்க முடியாது என்று ஆனபோது, கம்பெனி அவருக்கு இந்த வண்டியைக் கொடுத்தது. வேலை இருக்கிறவரைக்கும் லைனில் ஓர் அறை. வேலை போனால் பத்து நாளில் காலி செய்ய வேண்டும். அவர்களுக்குப் போக வேறு இடம் கிடையாது. மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஏற்கெனவே ஒரே அறையில் ஆறு பேர்.

ஒரு வாரமாக வண்டி சரியில்லை. பின்னால் நீலமாகப் புகை விட்டது. இழுவை போய்விட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் மூன்றாம் படிக்குத் தண்ணீர் போகவில்லை. ஒருவன் மயங்கி மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டான். அன்று சாயங்காலம் மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை.

"அண்ணே, திங்கக்கிழமை காலையில ரெண்டு கேனோட வண்டி மூணாம் படி ஏறணும். ஏறலன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"ஏறும் மேஸ்திரி. வண்டிக்கு மூக்கடைச்சிருக்கு. ஃபில்டர மாத்திட்டா ஓடிரும்."

"மாத்துங்க."

அதற்காகத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை.

வண்டியை ஓட்டுவது அவர் என்றாலும், எஞ்சினுக்குப் போகிற காற்றில் தூசியை நிறுத்துகிற பஞ்சு ஃபில்டர் அவள் பொறுப்பு. மண்ணெண்ணெய் வாடை பட்டால் அவருக்கு மூச்சு இழுக்கும் என்பதால் முதல் மாதமே அவள் வாங்கிக்கொண்டாள். ஸ்பேர் கடைக்காரரிடம் நின்று நின்று கேட்டுக் கற்றுக்கொண்டது. நான்கு நாளுக்கு ஒருமுறை கழுவுவாள். எங்கள் ஊர்த் தூசிக்கு அதற்குமேல் விட்டால் பஞ்சு கல்லாகிவிடும்.

மூடியைக் கழற்றினாள். நடு ஆணியைத் திருகி, ஃபில்டரைக் கூண்டோடு சாய்த்து, மேலே ஒட்டியிருந்த தூசி உள்ளே உதிராதபடி மெதுவாக எடுத்தாள். பிறகு எஞ்சினுக்குக் காற்று போகிற ரப்பர் குழாயின் வாயில் சுத்தமான துணியைச் சுருட்டி அடைத்தாள். இது அவள் எப்போதும் செய்வது. திறந்த வாயில் ஒரு பொட்டு மண் விழுந்தாலும் எஞ்சினுக்குள் போய்விடும்.

துணி சரியாக உட்காரவில்லை என்று வெளியே எடுத்தாள். முனையில் சாம்பல் நிறத்தில் சேறு ஒட்டியிருந்தது.

விரலைக் குழாய்க்குள் விட்டுச் சுற்றினாள். விரல் முழுக்க நறநறவென்று பொடி. ஃபில்டருக்கு வெளிப்பக்கம் எவ்வளவு தூசி வேண்டுமானாலும் இருக்கலாம். எஞ்சின் பக்கம் இருக்கவே கூடாது.

அந்த நேரம் பார்த்து அவள் தம்பி வந்தான். குவாரியில் கம்ப்ரசர் ஓட்டுகிறவன். முப்பத்தைந்து வயது. காத்து என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். ஒரு கையில் புது ஃபில்டர் பாக்கெட், இன்னொரு கையில் ரொட்டி.

"அக்கா, ரெண்டும் ஒரே மாதிரி பஞ்சு. மாத்திக் கடிச்சிராத."

அவள் சிரிக்கவில்லை. பழைய ஃபில்டரைக் கூண்டிலிருந்து உரித்து மண்ணெண்ணெயில் போட்டு அமுக்கினாள். முறுக்கமாட்டாள். பஞ்சை முறுக்கினால் ஒட்டு விட்டுவிடும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அமுக்குவாள், விடுவாள், அமுக்குவாள். கறுப்பு இறங்கியது. நான்காவது அமுக்கில் அவள் கட்டைவிரல் பஞ்சைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துவிட்டது.

ஒட்டு விட்டிருந்தது. மூன்று விரல் அகலத்துக்கு, உதடு பிரிந்த மாதிரி.

"இது நான் கிழிச்சதில்ல" என்றாள்.

தம்பி குனிந்து பார்த்தான். ரொட்டியைத் திண்டில் வைத்தான்.

"நான் மக பிரசவத்துக்குப் பதினோரு நாள் போயிட்டு முந்தாநாள்தான வந்தேன். அப்போ யாரு கழுவினா இத?"

"கழுவலக்கா."

"கழுவாம?"

அவன் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மாமா கொண்டாந்தாரு. ஊதிக் குடுன்னாரு. ஊதிக் குடுத்தேன்."

"கம்ப்ரசர் பைப்புலயா?"

"வேற எதுல? வாயாலயா?"

எங்கள் குவாரியில் இதைத் தப்பென்று யாருக்கும் தோன்றாது. தண்ணீரை மேலே சுமந்துதான் ஏற்ற வேண்டும். காற்று பைப்பைத் திறந்தால் வரும். ஷிப்ட் முடிந்ததும் கம்ப்ரசருக்கு முன்னால் வரிசையில் நிற்போம். ஒவ்வொருவனும் கையை விரித்துச் சுற்றுவான், அவள் தம்பி பைப்பை எடுத்துத் தலையிலிருந்து செருப்பு வரைக்கும் ஊதிவிடுவான். காற்றுக்குளியல் என்று பெயர். சட்டை, டிபன் பாக்ஸ், காது என்று எல்லாமே அதில்தான் சுத்தமாகும். ஒருநாள் வாயைத் திறந்து சிரித்த ஒரு பெரியவரின் கட்டுப்பல் பறந்து ஜல்லிக் குவியலில் விழுந்து, மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தது. பாறையில் போட்ட துளையிலிருந்து கல்பொடியை வெளியே தள்ளுகிற காற்று அது. அதை ஒரு விரல் தடிமன் பஞ்சின் ஒட்டில் காட்டினால் என்ன ஆகும் என்று அவர்கள் யோசிக்கவில்லை. இருபத்தாறு வருஷம் அந்தப் பைப்பின் முன்னால் நின்று சுத்தமானவர், பஞ்சையும் அதன் முன்னால் கொண்டுபோய்க் காட்டினார்.

"எத்தன வாட்டி?"

"மூணு இருக்கும். ஊதினதும் புதுசு மாதிரி ஆயிடுச்சுக்கா. மாமா, உங்கக்கா இதப் போயி வாரத்துக்கு ரெண்டு தடவ குளிப்பாட்டிக்கிட்டு இருக்காடான்னு சிரிச்சாரு."

அவள் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் போட்டாள். கிழிந்ததை எதற்குக் கழுவுகிறோம் என்று தெரியாமலே கழுவினாள்.

"புதுச போட்டா சரியாயிடாதா?"

"இனிமே போற தூசி நிக்கும். போன தூசி போனதுதான். உள்ள அரைச்சிருக்கும்டா. அதான் புக."

தம்பி மண்ணைக் காலால் கிளறினான். "அக்கா, ஒரு விஷயம். நேத்து மேஸ்திரி எங்கிட்டச் சொன்னாரு. ஆபீஸ்ல புது வண்டி கேட்டிருக்காங்களாம். மாமாவால முடியலன்னா அவர் சம்சாரமே ஓட்டட்டும், வண்டிய அந்தம்மாதான் கண்ணு மாதிரி வெச்சிருக்குன்னு உன் பேரச் சொல்லியிருக்காரு. வீடும் போகாது."

அவள் கை நின்றது. ஆறு மாதமாக, அவருக்கு மூச்சு பிடிக்கிற நாள்களில், அவள்தான் மேலே தண்ணீர் கொண்டுபோகிறாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரிக்கும் தெரியாததுபோலத் தெரியும்.

"அதனால நாளைக்கு வண்டி ஏறலன்னு வெச்சுக்க, ஏன்னு கேப்பாங்க. இருக்கறதச் சொல்லிரு. நீ இல்லாதப்போ பைப்புல ஊதினதுன்னு. நானும் வந்து சொல்றேன். என் மேலயும் போடு, பரவால்ல."

"அவரு?"

"மாமாவுக்கு எப்படியும் இனி வண்டி கிடையாதுக்கா. உனக்காவது இருக்கட்டும்."

பஞ்சை அமுக்கி எடுத்துச் சாக்கில் போட்டாள். "சரி" என்றாள். "சொல்லிடறேன்."

புது ஃபில்டரில் எண்ணெய் விட்டாள். மாவு பிசைவதுபோலப் பிசைந்தாள், எல்லாப் பக்கமும் ஒரே நிறமாகும்வரை. மிஞ்சின எண்ணெயை அமுக்கி எடுத்தாள். கூண்டில் மாட்டி, விளிம்பைச் சுற்றி கிரீஸ் தடவி, பெட்டிக்குள் வைத்து, இடுக்கு இல்லையா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்து ஆணியை இறுக்கினாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"கிரீஸ் வெச்சியா?"

"வெச்சேன்."

"எங்க காட்டு." குனிய முடியாமல் நின்றபடியே பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சரியா இருக்கு. உதைச்சுப் பாரு."

அவள் காலைத் தூக்கவில்லை. உதைக்கிற கம்பியைக் கையால் அமுக்கினாள். கையாலேயே இறங்கியது. நல்ல எஞ்சின் என்றால் உடம்பு பாரத்தைப் போட்டு உதைக்க வேண்டும்.

"பாத்தியா, மூக்கடைப்பு விட்டதும் எவ்வளவு லேசாயிடுச்சு!" என்றார் அவர்.

தம்பி ரொட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மத்தியானம் அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் பால் விடாத டீயும். அவர் நன்றாகச் சாப்பிட்டார். நாளைக்குக் கேனில் எந்த மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றினால் வளைவில் அலம்பாது என்று தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"என் கையில எந்த மெஷினும் செத்ததில்ல மாப்ள. துளை மெஷின் ஒன்பது மாத்தினேன். ஒன்பதையும் ஓடற நிலையிலதான் திருப்பிக் குடுத்தேன். கேட்டுப் பாரு, யாரையாவது கேட்டுப் பாரு."

"கேக்க வேணாம் மாமா. தெரியும்."

"நான்தான் ரிப்பேராயிட்டேன்."

"உங்களுக்கும் புது ஃபில்டர் கேட்டேன் மாமா. ஸ்டாக் இல்லன்னுட்டான்."

அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். இருமல் வரவில்லை. அது ஒரு நல்ல மத்தியானம் என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கள் காலை ஷிப்டுக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் அடிவாரத்தில் நின்றோம். அவள் ஓட்டுகிறேன் என்றாள். அவர் விடவில்லை. சலவைச் சட்டை போட்டிருந்தார். இரண்டு கேனையும் நிரப்பி மாட்டினோம். வண்டி பிடித்துக்கொண்டது. நீலப்புகை பின்னால் துணி விரித்ததுபோல் எழுந்தது.

"ஓடினா போவப்போவ புக அடங்கிரும்" என்றார் அவர், யாரிடம் என்று இல்லாமல்.

முதல் படி ஏறிவிட்டது. கீழே ஒருவன் கைதட்டினான். இரண்டாம் படிச் சரிவில் சத்தம் மாறியது. எஞ்சின் கத்துகிறது, சக்கரம் நடக்கிறது. வளைவுக்கு வந்தபோது சத்தமும் போய்விட்டது. வண்டி நின்றது. சரிவில் அவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இறங்கினால் வண்டி பின்னால் உருளும். இறங்காமல் இருந்தால் எவ்வளவு நேரம் பிடிப்பது? அவளும் தம்பியும் ஓடினார்கள். தம்பி சக்கரத்துக்குக் கல் வைத்தான். அவள் அவரை இடுப்பில் பிடித்து இறக்கினாள். அவர் கைவிரல்கள் பிரேக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன.

மேஸ்திரி ஏறி வந்தார். நாங்களும் பின்னால் வந்தோம். மேஸ்திரி உதைக்கிற கம்பியைக் கையால் அமுக்கிப் பார்த்தார். மூடியைக் கழற்றச் சொல்லி, புது ஃபில்டரை எடுத்து, குழாய்க்குள் ஆழமாக விரலை விட்டு எடுத்தார். அவள் எவ்வளவு துடைத்தும் உள்மடிப்பில் தங்கியிருந்த பொடி அவர் நகத்தில் வந்துவிட்டது.

"கல்பொடி முழுக்க உள்ள போயிருக்கு. எஞ்சின் காலி. பழைய ஃபில்டர் எங்க?"

தம்பி கொண்டுவந்திருந்தான். சொல்லி வைத்தபடிதான் கொண்டுவந்திருந்தான். மேஸ்திரி பிளவுக்குள் இரண்டு விரலை விட்டு விரித்தார்.

"இது எப்படி ஆச்சு? நீதான தங்கச்சி இதக் கழுவற?"

தம்பி அவளைப் பார்த்தான். அவள் வாயைத் திறப்பதற்குள், வளைவுக் கல்லில் உட்கார்ந்திருந்த அவர் கையைத் தூக்கினார்.

"மேஸ்திரி, நடுவுல நான்..."

அவ்வளவுதான் வந்தது. இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பே இரண்டாக மடிந்தது. சலவைச் சட்டை முதுகில் ஏறி இறங்கியது. அவர் சொல்ல வந்தது இதுதான்: நடுவில் மூன்று தடவை நான் பைப்பில் ஊதிப் புதுசு மாதிரி வைத்திருந்தேன். அதைப் பெருமையாகச் சொல்ல வந்தார். சொல்லி முடித்ததும், எஞ்சினைக் கொன்றதே அந்த ஊதல்தான் என்று மேஸ்திரி அவருக்கு விளக்கியிருப்பார். முப்பது ஆள் நின்றிருந்தோம்.

இருமல் முடிவதற்குள் அவள் பேசினாள்.

"நான்தாங்க. முறுக்கிப் பிழிஞ்சுட்டேன். அவசரத்துல பாக்கல. கிழிஞ்சதையே போட்டுட்டேன்."

"அக்கா!" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு."

"முறுக்கினியா?" மேஸ்திரி கேட்டார். "உனக்கா தெரியாது?"

"தெரியும். மறந்துட்டேன்."

அவருக்கு இருமல் நின்றிருந்தது. கண்ணில் தண்ணீரோடு நிமிர்ந்தார். சொல்ல வந்ததை விட்டுவிட்டார். சேர்த்து வைத்த மூச்செல்லாம் இதற்குத்தான் என்பதுபோல் அவள்மேல் பாய்ந்தார்.

"முறுக்கினியா? பஞ்சப் போயி எவளாச்சும் முறுக்குவாளா? படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி! எங்கிட்டக் குடுத்திருந்தா நான் பாத்திருக்க மாட்டேன்? இருபத்தாறு வருஷம் ஒரு மெஷின் செத்ததில்ல என் கையில... இவ கையில குடுத்தேன் பாருங்க மேஸ்திரி, என்னச் சொல்லணும்!"

அவர் முகத்தில் இரத்தம் ஏறியிருந்தது. பல மாதத்துக்குப் பிறகு அவர் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டோம். தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு கம்ப்ரசர் இருக்கிற பக்கம் பார்த்து நின்றான். அவள் கேன்களைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்தாள். மூன்றாம் படி ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

மேஸ்திரி ஃபில்டரை அவளிடம் நீட்டினார். வாங்க அவளுக்குக் கையில்லை என்று கண்டு வண்டி சீட்டின் மேல் வைத்தார்.

"உன் கைய நம்பித்தான் ஆபீஸ்ல பேசினேன் தங்கச்சி. இனி என்னன்னு போய்ப் பேசறது?"

மேஸ்திரி இறங்கிப் போனார். அவள் கேனோடு மேலே ஏறினாள். மதியம் அவள் இறங்கும் வழியில் தம்பி காத்திருந்து, இப்போதாவது போய்ச் சொல்லு, நானும் வருகிறேன் என்று மன்றாடியிருக்கிறான். சாயங்காலம் அவளுக்குத் தெரியாமல் அவன் மட்டும் போய்ச் சொல்லியும் பார்த்தான். மேஸ்திரி நம்பவில்லை. அக்காவைக் காப்பாற்ற மாமனைக் காட்டிக்கொடுக்கிறாயா என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

ஒன்பதாம் நாள் புது வண்டி வந்தது. அதே மாதிரி, நிறம்தான் வேறு. பத்தாம் நாள் காலையில் அதை ஓட்டுகிறவன் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு அறை பார்க்க வந்தான். நல்ல மனுஷன். இவர்கள் சாமான் இன்னும் வாசலிலேயே இருப்பதைக் கண்டு தயங்கித் தள்ளி நின்றான். மகள் வீட்டு ஊருக்குப் போகிற ஜல்லி லாரியில் அவர்களை ஏற்றிவிடத் தம்பி பேசிவைத்திருந்தான். அங்கே போய் என்ன செய்வது என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

தண்ணிக்காரர் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் அவர் மனைவியிடம் கனிவாகவே இருந்தார். "விடு, தெரியாமத்தான செஞ்ச. வேணும்னா செஞ்ச?" என்று இரண்டு மூன்று தடவை எங்கள் காதுபடவே சொன்னார். புது ஆளைக் கண்டதும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வண்டி ஓடினா பத்தாது தம்பி. இங்க தூசி பொல்லாதது. ஃபில்டர்தான் உசுரு."

"சொல்லுங்கண்ணே. எப்படிப் பாத்துக்கறது?"

"கழுவறேன், பிழியறேன்னு எறங்காத. இவ அப்படித்தான் கெடுத்தா. பாவம், தெரியாது. மேல கம்ப்ரசர் இருக்கில்ல? ரெண்டு நாளுக்கு ஒருதரம் பைப்புல காட்டி ஊது. புதுசு மாதிரி ஆயிரும். நானே ஊதியிருக்கேன்."

"வேலையும் சுலபம்."

"சுலபம்தான்."

புது ஆள் மரியாதைக்கு அவள் பக்கமும் திரும்பினான். அவள் அடுப்பைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்கக்கா, அண்ணன் சொல்ற மாதிரியே செஞ்சிரட்டுமா?"

கயிற்றின் ஒரு முனை அவள் பல்லில் இருந்தது. இன்னொரு முனையை இழுத்து இறுக்கி முடிச்சுப் போட்டாள். அதற்குமேல் இறுக்க முடியாது என்ற பிறகும் ஒரு முடிச்சுப் போட்டாள்.

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.